மூன்று கட்டையில் பாக்

தேவாரத்தில் கோம்பை பஸ் ஏறினால் மேற்கே மலை விடாமல் கூடவே வரும். சாக்கலூத்து மெட்டு, அதற்குத் தெற்கே ராமக்கல் மெட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள். விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து போடி மெட்டு வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் தோட்ட வேலைக்கு ஏறி, பொழுது சாயும்போது இறங்கி வருகிறவர்களின் ஊர்கள் இவை. அந்தச் சாலையில்தான் பண்ணைப்புரம் இருக்கிறது. 1943இல் இளையராஜா பிறந்த ஊர்.

அவருடைய சினிமாப் பாட்டைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்?’ என்ற வாத்திய இசைத் தொகுப்பைப் பற்றித்தான் நான் எழுத நினைக்கிறேன். பாட்டு இல்லை, படம் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்டது. இதற்கு என்ன பெயர் வைப்பது என்று தலைப்பே கேட்கிறது. ஃபியூஷன் என்று பெயர் வைத்து, கர்நாடக இசையும் மேற்கத்திய இசையும் கை குலுக்கிக்கொண்டன என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. பல வருடம் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: ஆர்மோனியத்தில் கை பழகிய ஒருவர், அந்தப் பெட்டியால் முடியாத இரண்டு காரியங்களுக்கு எழுதிய பதில் இந்தத் தொகுப்பு.

அந்த இரண்டும் என்னவென்று தெரிய ஆர்மோனியத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மேல் பலகையைக் கழற்றினால், வரிசையாகப் பித்தளை ரீடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய நாக்கு, ஒரு முனை அறையப்பட்டு மறுமுனை சும்மா நிற்கும். கட்டையை அழுத்தினால் துவாரத்தின் மூடி விலகி, காற்று அந்த நாக்கை உதறிக்கொண்டு வெளியேறும். அந்த உதறல்தான் ஸ்வரம். நாக்கின் நீளமும் கனமும் பட்டறையிலேயே அரத்தால் ராவி முடிவானவை. வாசிக்கிறவர் அதை இம்மியும் அசைக்க முடியாது. ரி-யிலிருந்து க-வுக்கு வழுக்கிப் போக வழியில்லை, தாவத்தான் வேண்டும். கமகத்தையே உயிராகக் கொண்ட இசைக்கு இது பெரிய ஊனம். இது முதல் குறை.

இரண்டாவது குறை நம் நாட்டில் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி காலால் மிதிப்பது. இரண்டு கையும் கட்டைமேல் இருக்கும். கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைச் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கிற கைப்பெட்டியாக மாற்றினார். துருத்தி பின்பக்கம் போயிற்று. இடக்கை துருத்திக்குப் போயிற்று. வாசிக்க வலக்கை மட்டும் மிஞ்சியது. நம் இசைக்கு ஒரு வரிதானே, ஒரு கை போதாதா என்று கேட்கலாம். போதும்தான். அதனால்தான் கைப்பெட்டி காட்டுத்தீபோல் பரவியது. ஆனால் அன்றைக்குத் துருத்தியில் மாட்டிக்கொண்ட அந்த இடக்கை என்ன செய்திருக்கக்கூடும் என்ற கேள்வி அப்படியே நின்றுபோயிற்று.

தமிழ்நாட்டில் இந்தப் பெட்டி எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு நம் பேச்சே சாட்சி. சுருதியையே நாம் கட்டையால்தான் சொல்கிறோம். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் வரும் கறுப்பு அரைக் கட்டை. ஆறரைக் கட்டை, நாலரைக் கட்டை என்று நாடக மேடையிலும் கச்சேரி மேடையிலும் சொல்வது இந்தக் கணக்குத்தான். மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு இல்லை. அப்படியிருந்தும் அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. கமகம் வராது, சம இடைவெளிச் சுருதி நம் ஸ்வரங்களைக் கெடுக்கும் என்பவை காரணங்கள். தடை 1970களில்தான் தளர ஆரம்பித்தது. முப்பது வருடம் வானொலி நிலையத்துக்குள் நுழைய முடியாத அந்தப் பெட்டி இசை நாடக மேடையிலும், பஜனை மடத்திலும், மாதா கோயிலிலும், கட்சிக் கூட்டத்திலும் ஒரு நாளும் ஓயவில்லை.

கட்சிக் கூட்டம் என்று சும்மா சொல்லவில்லை. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். 1958இல் மலைக்கு மேலே தேவிகுளம் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. ஈ.எம்.எஸ். தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு கேரளத்தில் ஆட்சிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்த நேரம், கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்களிடம் வரதராஜனின் பாட்டு வாக்குக் கேட்டது. ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார், பாவலரின் பாட்டுக்கு அதில் இருந்த பங்கை இன்றும் கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். பதின்மூன்று பதினான்கு வயதில் தம்பி ராசையா, பின்னாளின் இளையராஜா, அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பாட்டு, ஆர்மோனியம், தோல் வாத்தியம். ஊர் ஊராகப் போய் வெட்டவெளியில் பாடுகிற சின்னக் குழு அது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவர்கள். ஓர் இடம் தொய்ந்தால் எழுந்து போய்விடுவார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கூட்டத்தைக் கட்டிப்போட வேண்டுமானால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. இந்தப் பாடத்தைக் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் கிடையாது.

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இன்னொரு பெட்டி இன்னொரு சின்னக் குழுவோடு என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். லாரன்ஸ் ஹேமண்ட் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார ஆர்கன், குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களை நினைத்துச் செய்தது. ரீடு கிடையாது, துருத்தி கிடையாது. உள்ளே பல் வைத்த 91 சக்கரங்கள் காந்தச் சுருள்களுக்கு எதிரே சுழலும், அந்தச் சுழற்சி ஸ்வரமாகும். மேலே இரண்டு அடுக்குக் கட்டைகள், கீழே காலுக்கு 25 மிதிகள். ஜிம்மி ஸ்மித் என்ற கறுப்பினக் கலைஞர் இதை ஜாஸ் மேடைக்குக் கொண்டுவந்தபோது செய்த பெரிய காரியம், பேஸ் வாத்தியக்காரரின் வேலையையும் தானே எடுத்துக்கொண்டதுதான். இடக்கையும் காலும் அடிக்குரலில் நடந்துகொண்டே இருக்க, வலக்கை பாடும். 1960 ஏப்ரல் 25 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவான ‘பேக் அட் த சிக்கன் ஷேக்’ தொகுப்பைக் கேளுங்கள். ஸ்மித்தோடு சாக்ஸஃபோனில் ஸ்டான்லி டர்ரன்டைன், கிட்டாரில் கென்னி பரல், டிரம்ஸில் டொனால்ட் பெய்லி. மொத்தம் நான்கே பேர். பேஸுக்கென்று தனியாக ஆள் இல்லை. ஆனால் அடியில் ஒருவர் நிதானமாக நடந்து போகிற சத்தம் ஒரு கணமும் நிற்காது. நம் ஆர்மோனியக்காரர் துருத்திக்குக் கொடுத்துவிட்ட அதே இடக்கை அங்கே தனியாக ஒரு ஆளாகவே எழுந்து நின்றுவிட்டது.

இளையராஜாவுக்கு அந்தக் கை திரும்பக் கிடைத்தது சென்னையில். 1968 வாக்கில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோவும் மேற்கத்திய இசைக் குறியீடும் படிக்கச் சேர்ந்தார். பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மானும் அவரிடம் படித்தவர்தான். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக, பெரும்பாலும் கன்னடப் படங்களில், வேலை செய்தார். ஸ்டூடியோக்களில் கிட்டாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார். காம்போ ஆர்கன் என்பது மேடைக்குத் தூக்கிப் போகக்கூடிய டிரான்சிஸ்டர் ஆர்கன். பல மாடல்களில் இடது ஓரத்து ஒரு ஸ்தாயி பேஸுக்கென்றே ஒதுக்கியிருக்கும், கட்டைகளின் நிறமும் அங்கே மாறியிருக்கும். காற்றுக்குப் பதில் மின்சாரம், அதனால் துருத்தி போட வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வருடம் பெட்டியின் பின்பக்கம் விசிறிக்கொண்டிருந்த கை, கட்டைக்கு வந்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அவருடைய எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் பின்னால் சும்மா தட்டிக்கொண்டிருப்பதே இல்லை. பாடகர் ஒரு மெட்டில் போக, அடியில் இன்னொரு மெட்டு தன் பாட்டுக்கு நடக்கும். அந்தப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் வாசித்த சசிதரனின் வரியைத் தனியாகப் பிரித்துக் கேட்டாலே ஒரு பாட்டாக நிற்கும். அந்த வரிகளில் இருப்பது ஆர்கன்காரரின் இடக்கை என்பது என் முடிவு.

இப்போது 1986க்கு வரலாம். தொகுப்பில் முன்னால் நிற்பது வயலின், வி.எஸ். நரசிம்மனுடையது. அவரைச் சுற்றித் தந்தி வாத்தியக் கூட்டம், இடையிடையே நம் வாத்தியங்கள். ஆர்மோனியம் முன்வரிசைக்கு வரவில்லை. ஜாஸ் குழுவைப் போல அந்த நொடியில் தோன்றுவதை வாசிக்கிற இசையும் இல்லை, எழுதி வைத்த இசை. பிறகு ஆர்கனை ஏன் இழுக்கிறேன் என்றால், ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்ற பகுதியைக் கேட்டதால். பாக்கை என் வீட்டில் சந்தித்தேன் என்கிறது தலைப்பு. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் (நடன இசைக் கோவை) முன்னிசை அதில் வருகிறது. ஈ மேஜர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நம் ஆர்மோனியக்காரர் மொழியில் சொன்னால் மூன்று கட்டை சுருதி, சங்கராபரணம். மேல் ஸட்ஜத்தில் எடுத்து, நி தொட்டுத் திரும்பி, ப, க என்று இறங்கும். அப்புறம் மூச்சு விடாத ஓட்டம். ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தால் நான்கு கறுப்புக் கட்டைகள் காலில் முள் மாதிரி குறுக்கே வரும். வயலினுக்கு அங்கே ஈ தந்தி சும்மாவே அந்த ஸ்வரத்தில் அதிரும். அந்தத் தந்தியையும் பக்கத்துத் தந்தியையும் வில் மாறி மாறித் தொடும்போது ஒரே வயலினில் இரண்டு குரல் கேட்கிற மாயம் நடக்கும்.

இந்த ஆறு வயலின் படைப்புகளையும் 1720இல் தன் கையாலேயே சுத்தப் பிரதி எடுத்த பாக், முகப்பில் ‘பேஸ் துணை இல்லாத தனி வயலினுக்கு’ என்ற பொருளில் எழுதி வைத்தார். வேண்டுமென்றே அடித்தளத்தை விலக்கி எழுதிய இசை. இடக்கை இல்லாத இசை என்றும் சொல்லலாம். இதை எழுதியவர் யார்? பதினெட்டு வயதில் ஆர்ன்ஷ்டாட் தேவாலயத்தில் ஆர்கன் வேலையில் சேர்ந்தவர். உயிரோடு இருந்த காலத்தில் எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்கன் கலைஞர் என்றே பேர் வாங்கியவர். இரண்டு கை, இரண்டு கால், நான்கும் தனித்தனி வரி வாசிக்கிற பழக்கம் உடம்பில் ஊறியவர். அவருக்கே அந்தத் தனி வயலினை அப்படியே விட மனம் வரவில்லை. 1731இல் லைப்சிக் நகர சபைப் பொறுப்பேற்புக்காக எழுதிய 29ஆம் கான்டாட்டாவின் (குரலும் வாத்தியங்களும் சேர்ந்த படைப்பு) தொடக்கத்தில் அதே முன்னிசையை எடுத்தார். வயலின் ஓட்டத்தை ஆர்கனின் வலக்கைக்குக் கொடுத்தார். சுற்றிலும் தந்திகளையும் எக்காளங்களையும் முரசையும் வைத்தார். எக்காளங்களுக்கு ஏற்றபடி சுருதியை இரண்டு கட்டைக்கு இறக்கினார்.

பண்ணைப்புரத்துக்காரர் அதே முன்னிசையின் மேல் கை வைத்தபோது செய்ததும் இதற்கு மிக நெருங்கிய காரியம். பாக்கின் வரியைக் கலைக்கவில்லை. அது தன் போக்கில் ஓடுகிறது. அதற்கு மேலும் கீழும் வேறு தந்திகள் வேறு மெட்டுகளோடு வந்து சேர்கின்றன. ஒட்டிக் கேட்டால் ஒவ்வொன்றும் தனியாகப் பாடக்கூடிய வரி. விலகிக் கேட்டால் ஒரே நெசவு. ஷுமான் 19ஆம் நூற்றாண்டில் இந்த வயலின் படைப்புகளுக்குப் பியானோ துணை எழுதினார், ராக்மனினோஃப் 1933இல் இந்த முன்னிசையையே பியானோவுக்கு மாற்றினார். அவர்கள் பாக்குக்குக் கீழே அடித்தளம் போட்டார்கள். இளையராஜா பாக்கோடு கூட ஒரு ஆளை நடக்கவிட்டார். அடுத்த பகுதியின் பெயர் ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’, நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்று பொருள். தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது.

கர்நாடக இசைக்கு ஹார்மனி ஆகாது என்ற பழைய வாதம் ஒன்று உண்டு. அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது, அதில் நியாயம் இருக்கிறது. மூன்று ஸ்வரங்களை ஒன்றாக அழுத்தி ஒரு கார்டு வைத்தால் அது அந்த இடத்தில் கல்லாக நிற்கும். மேலே பாடுகிற காந்தாரம் கமகத்தில் அசைந்துகொண்டிருக்கும். அசைவதும் நிற்பதும் உரசும், உரசலில் ராகம் போய்விடும். ஆனால் மெட்டுக்கு எதிர் மெட்டு வைக்கிற முறை வேறு. அதில் ஒவ்வொரு குரலும் தன் ஆரோகண அவரோகணத்தைக் காத்துக்கொண்டு போகலாம். சேர்ந்து கேட்கிற இடங்களில் கார்டு தானாக உண்டாகிறது, யாரும் அதைக் கொண்டுவந்து வைப்பதில்லை. ராகத்தின் பக்கம் நின்று யோசித்தால் கார்டுகளைக் கொண்டு கட்டிய ஜெர்மானிய இசைமேதை வாக்னரைவிட பாக் நமக்கு ரொம்பப் பக்கத்து உறவு. தொகுப்பு முழுக்க இளையராஜா பிடித்துக்கொண்ட கயிறு இதுதான்.

‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்ற பகுதியில் அந்தக் கயிறு நன்றாகத் தெரியும். ஃபியூக் என்பதை விளங்கிக்கொள்ள நம் ஊர் முன்பாட்டு, பின்பாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும். முன்பாட்டுக்காரர் ஒரு வரியைப் பாடி முடிப்பார், பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள், அதுவரை முன்பாட்டுக்காரர் ஓய்வார். ஃபியூக்கில் அவருக்கு ஓய்வு கிடையாது. இரண்டாவது குரல் அதே வரியைப் பெரும்பாலும் பஞ்சமத்திலிருந்து எடுக்கும்போது முதல் குரல் அதற்கு எதிராக வேறொன்று பாட வேண்டும். மூன்றாவது குரல் வந்தால் முதல் இரண்டும் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை பேர் உள்ளே வந்தாலும் யாரும் வாயை மூடக் கூடாது, யார் பாடுவதும் மற்றவரை மறைக்கக் கூடாது. மூன்று நான்கு பேர் குழுவில் யாரும் சும்மா உட்காராமல் ஒரு கூட்டத்தைக் கட்டிப்போட்டுப் பழகியவருக்கு இந்த இலக்கணம் அந்நியமாக இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

முதல் குறையான கமகத்துக்குப் பதில் வயலின். ஆர்மோனியத்தில் தாவிப் போக வேண்டிய இடமெல்லாம் நரசிம்மனின் விரல் வழுக்கிப் போகிறது. இங்கே ஒரு சிரமத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வயலினில் கமகம் வாசிக்கலாம். பல வயலின்கள் சேர்ந்து ஒரே கமகத்தை ஒரே அளவில் அசைப்பது மிகக் கடினம். ஆளுக்கு ஒரு மயிரிழை மாறினாலும் ஸ்வரம் கலங்கிவிடும். மேற்கத்திய முறையில் தாள் பார்த்து வாசிக்கவும் வேண்டும், தாளில் எழுத முடியாத அசைவு ரத்தத்திலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த கலைஞர்கள் அந்தக் காலத்தில் ஒரே ஊரில், சென்னை சினிமா ஸ்டூடியோக்களில், தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இல்லாமல் இந்தத் தொகுப்பு இல்லை. நரசிம்மன் பின்னாளில் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்து, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவில் கர்நாடகக் கீர்த்தனைகளை மேற்கத்திய ஹார்மனியோடு வாசித்தார். இந்தத் தொகுப்பில் ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’ என்று ஒரு பகுதி உண்டு. நான்கு பேர் உட்காரும் அறைக்குள் தியாகராஜரை வரவேற்கிற அந்த வேலையை நரசிம்மன் தன் வாழ்நாள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

1988இல் பாலு மகேந்திராவின் ‘வீடு’ வந்தது. பாட்டே இல்லாத படம். சொந்தமாக ஒரு வீடு கட்ட ஒரு பெண் படுகிற பாடு, கூடவே அவள் தாத்தா. தாத்தாவாக வந்த சொக்கலிங்க பாகவதர் பழைய நாடக மேடையிலிருந்து வந்தவர். அந்தப் படத்தின் பின்னணிக்கு பாலு மகேந்திரா ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பின் இசையைத்தான் எடுத்துக்கொண்டார். அதே ஆண்டு இளையராஜா ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலை முன்வைத்து ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். காற்றன்றி வேறில்லை என்கிற பெயர். அது அழகு அதிகமான தொகுப்பு. எனக்கு முந்தையதுதான் பெரிது. அழகைத் தாண்டி ஒரு கேள்விக்கு அதில் விடை தேடப்பட்டிருக்கிறது.

‘டோன்ட் கம்பேர்’, ஒப்பிடாதே, என்றும் தொகுப்பில் ஒரு பகுதி இருக்கிறது. தியாகராஜரா பாக்கா என்று தராசு தூக்குகிறவர்களுக்குச் சொன்னது அது. அந்த ஒப்பீட்டை நானும் செய்யவில்லை. ஒரே முன்னிசையை லைப்சிக்கின் ஆர்கன்காரர் எப்படிக் கேட்டார், பண்ணைப்புரத்து ஆர்மோனியக்காரர் எப்படிக் கேட்டார் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேறு வேலை. நம் இசைக் கல்லூரிகளில் அந்த வேலை நடக்க வேண்டும். 29ஆம் கான்டாட்டாவின் ஸ்கோரையும் இளையராஜாவின் ஸ்கோரையும் மாணவர்கள் ஒரே மேஜையில் விரித்து வரி வரியாகப் படிக்க வேண்டும்.

போடியிலும் தேவாரத்திலும் உத்தமபாளையத்திலும் வீட்டில் ஆர்மோனியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளில் ஒருவரைப் பின்பக்கம் உட்காரவைத்துத் துருத்தி போடச் சொல்லுங்கள். மூன்று கட்டையில் சுருதி வைத்துக்கொண்டு, வலக்கையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு சங்கராபரண வர்ணத்தை எடுங்கள். சும்மா இருக்கிற இடக்கையைக் கட்டைமேல் வைத்து, அதற்கு என்ன வருகிறது என்று பாருங்கள்.